சுண்ணாம்பு அடித்த கால்

பத்தாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடம் போனது பொங்கல்வரைதான். மீதியை ஒரு பஸ் கண்டக்டர் நடத்தினார் என்றால் நம்ப மாட்டீர்கள்.

தொண்ணூற்று நாலில், காணும் பொங்கலன்று சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு போட்டார்கள். பள்ளிக்கூடமோ திண்டிவனத்தில். பப்ளிக் பரீட்சைக்கு இரண்டரை மாதம்கூட இல்லை. "இந்த வருசம் வேணாம். வூட்ல இருக்கட்டும், மல்லாட்டை ஆயறதுக்கு ஒரு ஆளாச்சி" என்றார், வேர்க்கடலைச் செடியை உதறிக்கொண்டிருந்த அப்பா. எங்கள் தெருவில் அப்படி ஒரு வருடம் உட்கார்ந்த பெண்களில் ஒருத்தியும் திரும்பப் பள்ளிக்கூடம் போனதில்லை.

எங்கள் கிராமம் இரண்டு ஊருக்கும் நடுவே, ரோட்டோரத்தில். கணக்கு டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். சாயங்கால பஸ்ஸில் மஞ்சள் பையில் எல்லாப் பாடமும் வரும். காலை பஸ்ஸில் நான் எழுதிய விடைகள் போகும். ஸ்டாப்பில் நிற்கும் அம்மாவைப் பார்த்ததும் கண்டக்டர், "பத்தாங்கிளாஸ் வந்திருச்சி!" என்று கத்திப் பையை நீட்டுவார். சந்தேகம் வந்தால்தான் பேஜாரு. இன்றைக்குக் கேட்டதற்கு நாளைக்குத்தான் பதில். டீச்சர் சிவப்பு மையில் 'யோசி' என்று மட்டும் எழுதி அனுப்பிய நாளில் நோட்டைச் சுவரில் விட்டெறிந்தேன். கோபம் அடங்கியபின் யோசித்தேன், விடை வந்தது.

படுத்துக்கொண்டு படிப்பவளுக்குக் கரும்பலகை ஏது? கைக்கெட்டிய மாவுக்கட்டு முழுக்கச் சூத்திரங்களை எழுதிவைத்தேன். பரீட்சைக்குள் பிரித்துவிடுவார்கள் என்ற தைரியம். டாக்டரோ இன்னும் இரண்டு வாரம் என்றுவிட்டார்.

பரீட்சைக்குக் கிளம்புகிற காலையில்தான் அம்மா தலையில் கை வைத்தாள். "அடிப்பாவி! காலு பூரா பிட்டாச்சே. வெளிய தொரத்திடுவாங்கடி!" தேய்த்துப் பார்த்தோம், பேனா மை போகவில்லை. நான் ஓவென்று அழுதேன்.

அப்பா எழுந்து போனார். பொங்கலுக்கு வெள்ளையடித்த மீதிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மட்டையோடு வந்து என் காலடியில் குந்தினார். "சொவரு கெடைக்கலன்னு காலுலியா எழுதிக்கினு இருந்த, கய்த? ஆடாத, காயட்டும்." இரண்டு பூச்சு அடித்தார். காய்ந்ததும் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் உட்காரவைத்தார்.

பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என் காலை மேலும் கீழும் பார்த்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளையாக இருந்தது. கணக்குப் பரீட்சையில் எனக்கு அந்த எழுத்தே தேவைப்படவில்லை. எந்தச் சூத்திரம் முழங்காலுக்குக் கீழே எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடினாலே தெரிந்தது.

கணக்கில் எண்பத்து மூன்று. எல்லாப் பாடத்திலும் பாஸ். ரிசல்ட் வந்த அன்று ஸ்டாப்புக்கு அம்மா போகவில்லை, அப்பாவே போனார். "பத்தாங்கிளாஸ் பாஸு!" என்று கண்டக்டர் போட்ட சத்தமும் விசிலும் வீடுவரை கேட்டன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பி வந்த அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "கண்டக்டராண்ட சொல்லிட்டேன். ஜூன்லேர்ந்து பை வராது, பொண்ணே வரும்னு."