அனுஷியா எழுதிய முகவரி

அனுஷியா கண்டிக்குப் பக்கத்து மடவளையில் எங்கள் வீட்டின் முன்னறையில் நாலு வருடமாகக் குடியிருக்கிறாள். கண்டியில் ஒரு தனியார் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரே வேலை. அவள் பிறந்தது ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை, படிவங்களில் மட்டும்தான் மறைப்பாள். லயத்துக்குக் கதவிலக்கம் கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடக்கும். யாராவது மனம் வைத்தால் ஆளுக்குப் போகும். அதனால் தோட்டத்துச் சனம் டவுனில் தெரிந்தவர் முகவரியைத்தான் எழுதும். அவளுடைய அண்ணன் கணேசுக்கு மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் பதிந்தபோது, "எங்கட அட்ரஸையே போடுங்க, கிளினிக் கார்ட் வந்தா நான் எடுத்து வைக்கிறன்" என்று சொன்னது நான்தான்.

கணேஸ் லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பயிர் போடுகிறவர். சேற்றில் வெறுங்கால். செருப்பு கண்டி பஸ்ஸுக்கு மட்டும்.

யானைக்கால் புழுவும் இழுப்பைத் தரும் என்பதால் டொக்டர் எழுதிய இரத்தச் சோதனை எங்கள் கூடத்துக்கே வந்தது. அனுஷியாதான் செய்தாள். 'உண்டு' என்று வந்தது. ஆனால் அந்தச் சோதனையை நம்பக்கூடாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நோயை எதிர்க்க இரத்தத்தில் உருவாகும் பிறபொருளெதிரி புழுவை முழுசாகப் பார்ப்பதில்லை. அதன் உடம்பில் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துண்டு யானைக்கால் புழுவிலும் உண்டு, ஈர மண்ணிலிருந்து வெறுங்காலில் ஏறும் மெல்லிய புழுவிலும் உண்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"டொக்டர்ட்ட சொல்லுங்க, அவர் தோட்டத்துல வெறுங்கால்ல நிக்கிற ஆள் எண்டு."

"சொன்னா அட்ரஸ் பொய்யின்னு ஆயிரும் ரபீகா. தோட்டத்து ஆளுன்னு கண்டி கிளினிக்க வெட்டிருவாங்க. டொக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

டொக்டர் டவுன் முகவரியைப் பார்த்தார், கணேசின் காலில் செருப்பைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார். யானைக்கால் புழுவுக்கு மருந்து கொடுத்தார். இழுப்புக்கு ஸ்டீரொயிட் மாத்திரையும் கொடுத்தார். ஈர மண்ணிலிருந்து ஏறிய அந்த மெல்லிய புழுவை அதுவரை அடக்கி வைத்திருந்தது உடம்பின் எதிர்ப்புத்தான். மாத்திரை அந்த எதிர்ப்பின் கையைக் கட்டிப்போட்டது. உள்ளே புழு பெருகியது.

மூன்றாம் வாரம் கணேஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். அவருடைய சளி எங்கள் கூடத்துக்கு வந்தது. அனுஷியா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். குஞ்சுப் புழுக்கள் நெளிந்தன. கதிரையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் கொன்னுட்டேன்."

சரியான மருந்து அன்றே தொடங்கியது. இரண்டு நாள்தான் தாங்கினார். வயது முப்பத்தொன்பது, இரண்டு பிள்ளைகள். அவளைத் தேற்ற எனக்கு யோக்கியதை இல்லை, தேற்றவும் இல்லை.

பதினைந்து நாள் கழித்து நஸீப் என்ற சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கணேசின் பெயர் எழுதிய தாள். முதல் அறிக்கையை வைத்து யானைக்கால் நோயாளியின் வீடு என்று நினைத்து எங்கள் கூரைப் பீலியிலும் தண்ணீர் தேங்கும் கானிலும் நோயைப் பரப்பும் நுளம்பு தேடினார். அனுஷியா வெளியே வந்தாள்.

"இங்க தேடாதீங்க சேர். அண்ணே இங்க ஒரு நாளும் இருந்ததில்ல. அவரு ஹேவாஹெட்டத் தோட்டம். லயத்துல இருந்தாரு."

அவர் எங்கள் முகவரியைப் பேனையால் வெட்டினார். பிறகு, லயத்தின் கதவிலக்கம் என்ன என்று கேட்டார்.