அடுத்த வெள்ளிக்கிழமை வேறு வைக்கிறேன்!

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் தொடர் நாடகம் வந்தால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிற ஆள் நான். என் தோழிகள் மூன்று பேரும் அப்படியே. 'நாமே ஒரு தொடர் நாடகம் போட்டால் என்ன?' என்று நால்வருக்கும் கிறுக்குப் பிடித்தது. கல்லூரி மண்டபத்தில், ஐந்து வெள்ளிக்கிழமை மாலைகளில்!

எங்கள் பேராசிரியை ஒரு நிபந்தனை போட்டார். சினிமாக் கொட்டகையில் வரப்போகும் படத்தைக் கொஞ்சம் காட்டுவார்களே, அதுபோல முதல் வெள்ளி முன்னோட்டம் மட்டும். பார்த்த ஊர்ப் பெண்கள் அடுத்த வாரமும் வந்தால்தான் நாடகம். வராவிட்டால் மூட்டை கட்டிவிட வேண்டும்.

மதிய இடைவேளையில் கரும்பலகை முன் கூடினோம். யாருக்காகப் போடுகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. "ஆச்சிமாருக்கு!" என்று முந்திக்கொண்டேன். சுற்றிலும் இருந்த பெரிய பெரிய செட்டியார் வீடுகளில் ஆண்கள் தொழிலுக்கு வெளியூர் போயிருப்பார்கள். அந்த வீட்டுப் பெண்களான ஆச்சிமார் வந்தாலே மண்டபம் நிறைந்துவிடும். அடுத்து பாத்திரங்கள். கொடுமைக்கார மாமியார், பொறுமைசாலி மருமகள். கணவன் வேடத்துக்கு மீசை ஒட்ட எவளும் சம்மதிக்காததால் அவனை மலேயாவுக்கு அனுப்பிவிட்டோம். கடிதம் மட்டும் போடுவான். குரல் கட்டையாக இருந்ததால் மாமியார் நான்தான். எழுதியதும் நான்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் நால்வரில் ஒருத்தியும் அந்த வீடுகளைச் சேர்ந்தவள் இல்லை. நான் மானகிரியில் விவசாயக் குடும்பம். தினமும் பஸ்ஸில் வரும்போது அந்த வீடுகளின் வாசல்களைப் பார்த்ததோடு சரி. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கிருந்த தலைக்கனத்தில் அது தோன்றவே இல்லை.

முன்னோட்டத்தன்று ஆச்சிமார் நிஜமாகவே கூட்டமாக வந்துவிட்டார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திரை விலகியது. பசியோடு அடுப்படிக்கு வந்த மருமகள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி, "இந்த அடுப்புல ஒனக்குச் சோறு இல்ல!" என்று கத்தினேன். மண்டபமே கண் கலங்கும் என்று நினைத்து எழுதிய இடம்.

மண்டபம் சிரித்தது!

முன்வரிசையில், மடியில் குழந்தையோடு இருந்த இளம் ஆச்சி ஒருத்தர் என் மருமகளிடம் சத்தமாகவே கேட்டார். "ஏத்தா, ஒன்னைய இன்னும் வேறு வைக்கலையா? மாமியா அடுப்புல ஒனக்கு என்ன வேலை?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மண்டபத்தின் ஓரத்தில் பேராசிரியையின் முகம் சுருங்குவது மட்டும் தெரிந்தது. ஆனால் மருமகளாக நடித்த தோழி கெட்டிக்காரி. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "இல்லையே ஆச்சி! எப்பன்னு நீங்களே கேளுங்க!" என்றாள். உடனே நாலு பக்கமிருந்தும் என்மேல் பாய்ந்தார்கள். "எப்ப வேறு வைக்கப் போறீக? சொல்லுங்க!"

"அடுத்த வெள்ளிக்கெழம!" என்று அலறிவிட்டேன். என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. "அப்ப வாரோம்!" என்று கைதட்டினார்கள். திரை விழுந்ததும் தோழியைப் பிடித்து உலுக்கினேன். "வேறு வைக்கிறதுன்னா என்னடி?" அவளுக்கும் தெரியாது!

வேடத்தைக்கூடக் கலைக்காமல் ஓடி, வாசலில் அந்த இளம் ஆச்சியைப் பிடித்தேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னார். கல்யாணமான கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் தனிச் சமையலுக்குப் பிரித்து வைத்துவிடுவார்களாம். அதே வீடுதான், அடுப்பு மட்டும் வேறு. பண்ட பாத்திரமெல்லாம் பெரியவர்களே கொடுப்பார்கள். "எங்க வீட்ல மூணு அடுப்பு எரியுது. நீங்க ஒண்ணை வச்சுக்கிட்டுச் சண்ட போடுறீகளே!" என்றார். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே துள்ளல். இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

அந்த வாரம் முழுக்க நாடகத்தைத் திருப்பி எழுதினேன். அடுத்த வெள்ளி மண்டபத்தில் நிற்க இடமில்லை. அந்த ஆச்சி தன்னை வேறு வைத்தபோது மாமியார் கொடுத்த வெண்கலப் பானையையே நாடகத்துக்காகத் தூக்கி வந்திருந்தார். மேடையில் அந்தப் பானையை மருமகள் கையில் கொடுத்து, "நல்லாப் பொங்கிச் சாப்புடு ஆத்தா" என்றேன். ஒரே வரி. முன்வரிசையில் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும்தான். தட்டைப் பிடுங்கி வரவழைக்க நினைத்த கண்ணீர், பானையைக் கொடுத்தபோது தானாக வந்தது.

ஐந்து வெள்ளியும் நடத்தி முடித்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். இன்றைக்கும் யாருக்காவது எதையாவது எழுத உட்கார்ந்தால், அன்று வாசலுக்கு ஓடியதுபோல முதலில் அவர்களிடமே ஓடிப்போய்க் கேட்டுவிடுகிறேன்.