பதினாலாவது பாட்டுக்குப் பிறகு

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி நர்ஸ்கள் வைத்த பேர் ‘பதினாலு’. காலையில் நான்கு நர்ஸ்களை அவரவர் வாசலில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்குவதும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவதும்தான் அவர் பிழைப்பு. சொந்தக் கார், பழசு. அதிலுள்ள ஸ்டீரியோவில் எப்போதும் ஒரு பென்டிரைவ் செருகியிருக்கும். அது சரியாகப் பதினாலு பாட்டு பாடும், அதோடு ஊமையாகிவிடும். அத்தான் ஆள்காட்டி விரலை நீட்டி ஒரு பொத்தானை அமுக்குவார். மறுபடியும் முதல் பாட்டு தொடங்கும். “பதினாலு வந்தாச்சு, கிளம்புங்கடி” என்று நர்ஸ்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவது அவர் காதிலேயே விழும். சிரிக்கவும் மாட்டார், முகத்தைச் சுளிக்கவும் மாட்டார்.

நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். ஓட வேண்டியது ஓடாமல் நின்றால் எனக்குக் கை அரிக்கும். ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“அத்தான், இது ரிப்பேரே இல்ல. ஒரு ஃபோல்டர் முடிஞ்சா நிக்கிற மாதிரி செட்டிங் இருக்கு. மாத்திட்டா எல்லாமே நிக்காம ஓடும். ரெண்டு நிமிஷ வேலை.”

“நிக்கட்டும் மாப்பிள்ளை. காதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல.”

ஒரு மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தேன். “என் வண்டியை என்கிட்ட விட்டுடு” என்றார். குரல் உயரவில்லை, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நல்லது சொன்னால்கூட ஏறாத மனுஷன், சரியான அழுத்தக்காரர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பென்டிரைவில் இரண்டு ஃபோல்டர் இருந்தது. முதலாவதில் பதினாலு பாட்டு. இரண்டாவதில் என் அக்கா மகளின் குரல்.

அவள் ஒரே பிள்ளை. கடல் தாண்டி ஒரு நாட்டில், பெரிய துணி வெளுக்கும் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலை கிடைத்தது. வேலைக்கான கடிதம் வீட்டுக்கு வந்தபோது அவள் வெளியே போயிருந்தாள். அக்கா அதை வாங்கி, படித்து, அலமாரியில் பெட்ஷீட்டுக்கு அடியில் வைத்துவிட்டாள். கெட்ட எண்ணம் கிடையாது, பயம்தான். கடைசித் தேதி தாண்டிவிட்டால் பெண் வீட்டோடு இருந்துவிடுவாள் என்று நினைத்தாள். மகளோ தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் தலையணை உறை தேடப்போய் கடிதம் அவள் கையிலேயே அகப்பட்டது. சத்தம் போட்டிருந்தால் ஆறியிருக்கும். அவள் சத்தமே போடவில்லை. பெட்டியை அடுக்கினாள், மூன்றாம் வாரம் விமானம் ஏறினாள். ஏறுவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, போன பிறகும் பேசவில்லை.

யாரிடமும் பேசவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். அத்தான் சாயங்காலம் கார் சாவியை ஆணியில் மாட்டும்போது அக்கா கேட்பாள்.

“ஏதாவது சேதி உண்டா?”

“இல்லம்மா.”

அவ்வளவுதான் பேச்சு. அக்கா அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த ‘இல்லம்மா’வைச் சொல்லிவிட்டு அவர் கை கால் கழுவ நெடுநேரம் எடுத்துக்கொள்வார். வயசாகிறது, களைப்பு என்று நினைத்தேன். எனக்கென்ன தெரியும்?

உண்மையில் மாதம் ஒரு முறை மகளிடமிருந்து அவருக்குக் குரல் செய்தி வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு நிபந்தனையும். அம்மாவுக்குத் தெரிந்தால் அப்பாவிடமும் பேச்சு நின்றுவிடும். அவர் போனில் மகளின் எண் ‘டயர் கடை’ என்ற பேரில் இருந்தது. சாயங்காலமானால் அந்தப் போன் அக்கா கைக்குப் போய்விடும் என்பதால், ஒவ்வொரு செய்தியையும் போன் கடையில் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றிவிட்டு அழித்துவிடுவார். “அந்த டயர் கடைக்காரனுக்கு உங்க மேல என்னங்க அவ்வளவு பாசம், மாசாமாசம் மெசேஜ் போடறான்?” என்று அக்கா ஒரு தடவை என் முன்னாலேயே கேலி செய்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

காலையில் நர்ஸ்களை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டி நிழலில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இரண்டாவது ஃபோல்டரைத் தேர்ந்து மகள் குரலைக் கேட்பார். தூங்குகிறார் என்று காவலாளி நினைத்திருந்தான். நாள் முழுக்க அவருக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். பதினாலாவது பாட்டோடு ஸ்டீரியோ நின்றதால்தான் அந்தக் குரல் பத்திரமாக இருந்தது. அதைத்தான் நான் ரிப்பேர் பண்ணக் கிளம்பினேன்.

அக்காவுக்கு முட்டி வலி முற்றிவிட்டது. வெளியூரில் ஒரு எலும்பு டாக்டர், போக இரண்டரை மணி நேரம். படி ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டாள். “அவ்வளவு தூரம் அந்தப் பொத்தானை அமுக்கி அமுக்கியே கொண்டுபோயிடுவார்டா உங்க அத்தான்” என்றாள். போதாதா எனக்கு? அத்தான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தேன். ஒரே பொத்தானை மூன்று தடவை அமுக்கினால் ‘எல்லாம்’ என்று வந்தது. பாட்டு ஓடியது, அணைத்தேன், சாவியை அதே ஆணியில் மாட்டினேன். சொல்லாமல் வைத்து அசத்த வேண்டும் என்று நினைப்பு வேறு.

காரில் அக்கா முன்னால், நான் பின்னால். ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டுகள் ஓடின. பதினாலாவது பாட்டு முடியப்போகிறபோது நான் முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிக் காத்திருந்தேன். பாட்டு முடிந்தது. அத்தான் வழக்கம்போல விரலை நீட்டினார். விரல் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் குரல் வந்துவிட்டது.

“அப்பா, வந்து சேர்ந்துட்டேன். ரூம்ல நாலு பேரு. ஜன்னலைத் திறந்தா ஒரு சுவருதான் தெரியுது. நீ சாப்பிட்டியா?”

விரல் அப்படியே நின்றது. பிறகு அவர் கை அவசரமாகச் சத்தத்தைக் குறைக்கப் போனது. அக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கார் ஒரு பக்கமாக இழுத்தது, பின்னால் வந்த லாரி ஹாரனைப் பிடித்து அழுத்திக்கொண்டே தாண்டிப் போனது. ஒரு பெட்ரோல் பங்க்கை ஒட்டி ஓரம் கட்டினார்.

ஒன்று முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது. நான் செய்த வேலை அவ்வளவு சுத்தம். மகள் சம்பளம் வாங்கினாள், ஜுரத்தில் படுத்தாள், ரூமை மாற்றினாள். ஒன்றில் சிரித்துச் சிரித்து இருமினாள். ஒன்றில், “நான் பேசறது அம்மாவுக்குத் தெரிஞ்சுதுன்னா உன்கிட்டயும் பேச மாட்டேன்பா. சத்தியமா” என்றாள். அக்கா அசையவில்லை. இன்னொன்றில், “அம்மா முட்டி எப்படி இருக்கு? நான் கேட்டேன்னு சொல்லிடாத” என்றாள். அக்காவின் கை தானாக முட்டிக்குப் போனது. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. கதவைத் திறக்கவும் தைரியம் வரவில்லை.

மொத்தம் பத்தொன்பது செய்தி. அது முடிந்ததும் முதல் பாட்டு ஆரம்பித்தது, கல்யாண வீட்டில் போடுகிற மாதிரி குதூகலமான பாட்டு. யாரும் அதை அணைக்கவில்லை.

“எத்தனை நாளா?” என்றாள் அக்கா.

“ரெண்டு வருஷம் ஆகப்போகுது” என்றார் அத்தான். ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “சொன்னா அவ குரலும் போயிடும்மா. ஒருத்தருக்காவது இருக்கட்டும்னு நினைச்சேன்.”

அக்கா கத்துவாள் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அவள் கத்தவில்லை.

“நான் மறைச்சது எட்டு நாள்” என்றாள்.

டாக்டரிடம் போகவில்லை. திரும்பி வந்துவிட்டோம். வாசலில் அக்காவை நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். அத்தான் காரைச் சுற்றி வந்து நின்றார், கையை நீட்டவில்லை.

அன்று மாலை அவர் போனை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். “பொண்ணுகிட்ட சொல்லாம விட்டுடலாம் அத்தான். அவளுக்கு எப்படித் தெரியப்போகுது? எப்பவும்போலப் பேசுவா, அக்காவும் கேட்டுக்கும்” என்றேன். எனக்கு அது ரொம்ப நியாயமான யோசனையாகத் தோன்றியது.

அவர் என்னைப் பார்த்தார். “இந்த வீட்டுல ஒளிச்சு வெச்சது போதும் மாப்பிள்ளை” என்றார்.

பிறகு போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசினார். “அம்மா கேட்டுட்டாம்மா. தப்பு என்னோடதுதான். நான்தான் சரியா வெச்சுக்கல.” என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் போனில் நீலக் குறி விழுந்தது. மகள் கேட்டுவிட்டாள்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலை. போன வாரம் அத்தானிடம் போய், “பழையபடி பதினாலோட நிக்கிற மாதிரி மாத்திடவா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அக்கா சொல்லிவிட்டாள்.

“நிக்க வேண்டாம். அது பாட்டுக்கு ஓடட்டும்.”

இப்போது ‘ஏதாவது சேதி உண்டா’ என்ற கேள்வி அந்த வீட்டில் இல்லை. நர்ஸ்கள் ஏறுவதற்கு முன்பே அத்தான் பென்டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார், அதனால் கார் ஒரு பாட்டும் பாடுவதில்லை. ‘பதினாலு’ என்று கூப்பிடுவதையும் அவர்கள் விட்டுவிட்டார்கள். சாயங்காலம் கார் வாசலுக்கு வந்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கி முன் சீட்டில் ஏறிக்கொள்கிறாள். அத்தான் இறங்குவதில்லை. பென்டிரைவைச் செருகுகிறார். இருவரும் பேசிக்கொள்ளாமல் பத்தொன்பதையும் கேட்கிறார்கள். நேற்று நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசிச் செய்தி முடிந்து முதல் பாட்டு தொடங்குவதற்கு நடுவே ஒரு நொடி இடைவெளி உண்டு. அந்த ஒரு நொடி இருவரும் நிமிர்ந்து ஸ்டீரியோவைப் பார்த்தார்கள். அப்புறம் பாட்டு வந்துவிட்டது.