செலினின் முதல் குதிரை

நனைந்த வலைக்கயிற்றை வாயில் கவ்வினால் முதலில் உப்புக் கரிக்கும், பிறகு மீன் நாறும். பத்து வயதில் தினமும் அதைக் கவ்விக்கொண்டு திருகோணமலைக் கடற்கரையில் ஓடியவள் நான், ஏனென்றால் செலினுக்கு நான்தான் குதிரை.

செலின் அடுத்த வீட்டுக்காரி. அவர்கள் வீட்டுக் கலண்டரில் ஒரு குதிரை, முதுகில் ஒருத்தியைச் சுமந்துகொண்டு தடியைத் தாண்டும். எங்கள் ஊரில் குதிரைக்கு எங்கே போவது? கோட்டைப் பக்கத்து மான்கள்தான் இருந்தன. தெருவில் மரக்கறிக் கழிவு தின்றுவிட்டு, நாய் துரத்தினால் மதில் பாயும். அவை முன்காலை மடக்கும் விதத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினோம். பின்னேரங்களில் செலின் இரண்டு மண்ணெண்ணெய்க் கான்களின்மேல் துடுப்பை வைத்துவிட்டு என் முதுகில் ஏறி, "மான் மாதிரிப் பாயடி, மாடு மாதிரி இல்லை!" என்று கத்துவாள். நானும் பாய்ந்தேன், விசரி.

செலின் வீட்டாருக்கு ஜெர்மனி விசா வந்த கிழமை, கான்மேல் கான் அடுக்கி உயர்த்தினாள். விழுந்தேன், இடது காலில் 'டக்' என்று ஒரு சத்தம். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, அப்பா என்ர தோலை உரிச்சுப்போடுவார். நான் பெரிய ஆளா வந்தா உன்ர பேரைத்தான் முதல் சொல்லுவன், மாதா சத்தியமா" என்று அழுதாள். கிணற்றடியில் வழுக்கியது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் நம்பி, வெறும் சுளுக்கு என்று நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு உருவுவித்தார். வீக்கம் வற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எலும்பு கோணலாய்ப் பொருந்தியிருந்தது. செலின் போய்விட்டாள். "உன்ர காலைக் கெடுத்தது நான்தான் பிள்ளை" என்று அம்மா இன்றுவரை சொல்லி அழுவார். நான் வாய் திறந்ததில்லை.

இப்போது செலின் நாடு நாடாகப் போய்க் குதிரையில் தடை தாண்டுகிறவள். அவள் போட்டி என்றால் எங்கள் தெருவே கைபேசியும் கையுமாக நிற்கும், "எங்கட பெட்டை!" என்று மீன்காரர்கூட விசிலடிப்பார். செவ்வாய்தோறும் அந்தோனியார் கோவிலில் அவளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன், அவள் குதிரையின் காலுக்கு இன்னொன்று.

போன கிழமை ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் அவளுடைய பேட்டி. என் பெயர் வரப்போகிறது என்று அயலாரைக் கூப்பிட்டு, ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன். முதல் குதிரையைப் பற்றிக் கேட்டார்கள்.

"ஓம், திருகோணமலையில என்னட்டை ஒரு குட்டிக் குதிரை இருந்தது. கடற்கரையிலதான் பழகினனான். ஒருநாள் கால் முறிஞ்சு, பாவம், செத்துப்போச்சு" என்று கண்ணைத் துடைத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் அவளுக்காக, பெற்ற தாயை அழவிட்டிருக்கிறேனே! அயலார் ரோல்ஸைத் தின்றுவிட்டுப் போனார்கள். அந்தக் கிணற்றை மூடியாயிற்று, கடற்கரையில் துடுப்பையும் காணோம், எல்லாம் எஞ்சின் படகு. அம்மா மட்டும் கதிரையில் இருந்தபடி, "இஞ்சை ஆரிட்டையடி குதிரை இருந்தது?" என்று கேட்டார்.

"அது சாகேல்லை அம்மா," என்றேன். "உங்களுக்கு முன்னால நொண்டிக்கொண்டு நிக்குது."