மூன்றாம் புத்தகம் வரை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என்றாலும் நான் பெற்றவள் இங்கிலீசுப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பாள். எங்கள் அலவத்துகொடையில் வேறு யார் மகளுக்கு அது முடியும்?

அந்த மகள்தான், கல்யாணம் முடித்து வருடம் திரும்புமுன், மாப்பிள்ளை மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல் இத்தா இருக்க என் வீட்டுக்கு வந்தாள். மருமகனின் மோட்டார் சைக்கிள் மாத்தளை வீதியில் லொறிக்குக் கீழே போனது. ஜனாஸாவை ஆஸ்பத்திரியிலேயே சுற்றிக் கட்டித்தான் தந்தார்கள். முகம் திறக்கவில்லை. ஆண்கள் தூக்கிப் போனார்கள். பெண்கள் நாங்கள், வழமைபோல, வீட்டிலிருந்து அழுதோம்.

அறைக்குள்ளே இருப்பவளுக்குப் பொழுது போகட்டும் என்று கூட்டாளி ஒருத்தி ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை. மதில் கட்டிய பட்டணம், தண்ணீருக்குப் பங்கீடு, அதற்குள் ஒரு பெண்பிள்ளையும் பொடியனும். நான் போஞ்சி நறுக்கிக்கொண்டு கேட்பேன்.

“குடிக்கத் தண்ணியில்ல, இதுகளுக்குக் காதல் வேற.”

“நீங்க சும்மா கேளுங்க உம்மா,” என்று சிரித்தாள். வந்தபின் முதல் சிரிப்பு.

கடைசியில் பொடியன் ஆற்றோடு போனான். மகள் அழுவாள் என்று பயந்தேன். அவளோ இரண்டாம் புத்தகத்தைக் கேட்டனுப்பினாள். அதில் அவன் உயிரோடு வந்து நின்றான். அன்றைக்கு இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். எழுதினவருக்கு நான் துஆ செய்தேன்.

பிறகொரு நாள் கேட்டாள்: “மையத்த நீங்க கண்டீங்களா உம்மா?”

“எந்த மையத்து?”

“மச்சான்ட.” தன் மாப்பிள்ளையை அப்படித்தான் அழைப்பாள்.

“வாப்பாதானே, மகள், கபுறுக்குள்ள இறங்கி வெச்ச.”

“சுத்திக் கட்டினதத்தானே வெச்ச. முகத்த யாரு கண்ட?”

போஞ்சிச் சுளகு மடியில் அப்படியே இருந்தது. நானும் காணவில்லை.

மூன்றாவதைக் கொண்டுவந்த கூட்டாளியை வாசலில் நிறுத்தி முடிவைக் கேட்டேன்.

“இதுல அவன் உண்மையாவே மவுத்து மாமி. அடக்கியும் போடுறாங்க. கதை முடிஞ்சி.”

அல்ஹம்துலில்லாஹ் என்று வாங்கி, என் கையாலேயே மகளிடம் கொடுத்தேன். ஒரு அடக்கத்தைக் கதையிலாவது கண்ணால் பார்க்கட்டும்.

அவள் எனக்கு வாசித்தே முடித்தாள். மண் போடுகிற இடத்திலும் குரல் தடுமாறவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பொட்டிய மூடித்தானே வெச்சாங்க,” என்றாள். “நாலாவது எப்ப வருமாம், கேட்டீங்களா?”