பக்கத்து வளவு வல்லாரை

வல்லாரையை வளர்ப்பது ஒரு வேலையே இல்லை, அடக்குவதுதான் வேலை. ஒரு கணுவை ஈரமண்ணில் ஊன்றிவிட்டால் போதும், கொடி ஓடி ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும். கொஞ்ச நாள் பிடுங்காமல் விட்டால் நடக்கிற பாதையையும் விழுங்கிவிடும்.

என்னுடையது பக்கத்து வளவிலிருந்து வந்தது. விசுவமடுவில் இந்தக் காணியை வாங்கி நாங்கள் குடிவந்தபோது அந்த வளவில் ஆளில்லை. இடிந்த அத்திவாரத்துக்கு முன்னால் வல்லாரை மட்டும் தழைத்து நின்றது. கேட்டு வாங்கிய கன்று செழிக்காது, கேளாமல் எடுத்ததுதான் பிடிக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அங்கே கேட்பதற்கும் யாருமில்லை. ஒரு பை நிறையப் பிடுங்கி வந்து கிணற்றடியில் வைத்தேன்.

என் பாத்தி சுமாராகத்தான் வந்தது. அங்கே நின்றதன் இலையோ உள்ளங்கை அளவு. ஆடி ஆவணியில் வெயில் எரித்து ஊரே மண்ணிறமாகக் கிடக்கும்போதும் அந்தத் துண்டு வாடாது. யாரும் தண்ணீர் விடுவதில்லை. சுற்றியிருந்த புல்லையெல்லாம் கரம்பித் தின்ற மாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. எங்கும் பரவுகிற செடி அங்கே பரவவும் இல்லை. 'ட' எழுத்தைப்போல ஒரு மூலையில் மடங்கி, அந்த அளவோடு நின்றது. எனக்கு அது பிடிக்கவேயில்லை. ஆனாலும் தேங்காய்ப்பூ சேர்த்துச் சம்பல் போட அங்கே போய்த்தான் பிடுங்கினேன், என் பாத்தி இலை ஒரு வேளைக்கும் காணாது. என் சின்ன மகள் வல்லாரைச் சம்பல் இருந்தால் கோப்பையை வழித்துத் தின்பாள். ஞாபகசக்திக்கு நல்லது என்று நானும் அள்ளி அள்ளி வைத்தேன்.

போன புரட்டாதியில் ஒரு காலை, அந்த வளவுக்கார அக்கா மண்வெட்டியோடு வந்தார். இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். போரில் இடம்பெயரும்போது தையல் மெஷினையும் பித்தளைப் பானையையும் புதைத்துவிட்டுப் போனவர்கள் வந்து கிண்டுவது இங்கே வழமை. நானும் அப்படித்தான் நினைத்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"என்ர மகளை, தங்கச்சி," என்றார்.

செல் குண்டு விழுந்த அன்று, தூக்கிக்கொண்டு போக வழியில்லாமல், செத்த பிள்ளையைப் பதுங்கியிருந்த பங்கர் குழிக்குள்ளேயே வைத்து மூடிவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

"எலும்பை எடுக்க இல்லை. அவள் கிடக்கிற இடத்தில ஒரு விளக்கு வைக்கவேணும். பங்கர் கிணத்துக்கு நேர, வாசல் பக்கமா. 'ட' மாதிரி வெட்டினது. மேல போட்ட தென்னங்குத்தி தட்டுப்பட்டால் காணும், அதுக்குமேல கிண்டத் தேவையில்லை."

என் கண் வல்லாரைப் பக்கம் போனது.

அவர் என் கிணற்றைப் பார்த்து இடம் பிடித்துக் கிண்டத் தொடங்கினார். அது அவர் அறிந்த கிணறு இல்லை. இரண்டு காணிக்கும் பொதுவாக இருந்த பங்குக் கிணறு நாங்கள் வந்தபோது இரும்பும் குப்பையுமாகத் தூர்ந்து கிடந்தது. அதை மூடிவிட்டு வேலியோரமாக இதை வெட்டினோம். அது என் வீட்டுக்கு மட்டுமே தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் கிண்டிக் களைத்துப் போய்விடுவார், நாங்கள் எதைத் தின்றோம் என்பது எனக்குள்ளேயே கிடக்கும். அப்படி நினைத்தேன்தான்.

மத்தியானம் கூப்பிட்டுச் சோறு போட்டேன். அன்றைக்கும் வல்லாரைச் சம்பல்தான். அதை மூடிக் குசினி மூலையில் வைத்துவிட்டுப் பருப்பை மட்டும் ஊற்றினேன். கொப்புளம் வெடித்த கையால் அவர் சோற்றைப் பிசைந்தார். உப்புப் பட்டு எரிந்திருக்கவேண்டும், கையை எடுக்கவில்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நீங்கள் பாத்த கிணறு இது இல்லை. அதை நாங்கள் மூடிப்போட்டம். அந்தப் பூவரசடியில இருந்தது."

பூவரசடியில் போய் நின்று திரும்பியவர், வாசல் இருந்த பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேரே நடந்தார். வல்லாரையின் விளிம்பில் கால் நின்றது.

"இது இன்னும் நிக்குதே," என்றார். "காலையில கண்டு, நீங்கள் வச்சதெண்டு நினைச்சன். நான்தான் வச்சனான். புதுமண் தெரிஞ்சால் ஆரும் கிண்டுவாங்கள் எண்டு, கிணத்தடியில நிண்டதைப் பிடுங்கி மேல பரப்பிப்போட்டு ஓடினனாங்கள்."

குனிந்து, நகத்தால் கிள்ளிய காம்புகளைத் தடவினார். "நீங்கள் பிடுங்கிறனீங்களோ?"

"ஓம் அக்கா. இவ்வளவு காலமும் சாப்பிட்டனாங்கள்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து, ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அவளுக்கு இதைக் கண்ணிலயும் காட்டேலாது. கைக்குது அம்மா எண்டு துப்பிப்போட்டு வெளி முத்தத்துக்கு ஓடுவாள்."

பிறகு மண்வெட்டியைத் தொடவில்லை. விளக்கை ஏற்றி வைத்தார். "பிடுங்காமல் விட்டிடாதேங்கோ தங்கச்சி, முத்திப்போயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் சின்னவள் பள்ளிக்கூடம் விட்டுப் பிந்தித்தான் வந்தாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. பசியோடு குசினிக்குள் போய், மூலையில் மூடி வைத்திருந்த சம்பலை அவளே எடுத்துச் சோற்றில் குழைத்தாள். முதல் வாயிலேயே மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கைக்குது அம்மா," என்றாள். துப்பிவிட்டு எழும்பி முற்றத்துக்கு ஓடினாள்.