கட்டு அவிழ்ந்ததும் கோடை மழை

கண் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை என்பது பாதி நேரம் "தலையை ஆட்டாதீங்க" என்று கத்துவதும், மீதி நேரம் "ஆட்டலைம்மா" என்கிற பொய்யைக் கேட்பதும்தான். இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இப்போதே தொண்டை வலித்திருக்கும். ஐம்பதுகளில் நான் ஓசூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், ஆண்கள் கண் வார்டில் இருந்தேன். அந்தக் காலத்தில் புரை எடுத்தால் இரண்டு கண்ணையும் கட்டி, மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்துவிடுவோம். அசைந்தால் தையல் பிரியும். பிரிந்தால் கண் போகும். அப்படிப்பட்ட வார்டுக்குத்தான் ஒரு படம் வந்து சேர்ந்தது.

செக்போஸ்ட்டில் இறங்கிய காடு

எங்களிடம் புரை எடுத்துக்கொண்ட பெங்களூர் டிராயிங் மாஸ்டர் ஒருவர், நன்றிக்காகத் தான் வரைந்த ஆயில் பெயிண்டிங் ஒன்றைக் கம்பளியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். மாநில எல்லையில், ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் மதுவிலக்குச் சோதனை. அகலமும் நீளமுமாக இப்படி ஒரு மூட்டை என்றால் போலீஸ்காரர் விடுவாரா? உள்ளே பாட்டில்தான் என்று அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தால், கோடை மழையில் நனைந்துகொண்டு ஒரு காடு. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்களாம். ஹாரன் அடித்து அடித்துப் பார்த்த டிரைவரும் கடைசியில் இறங்கி வந்து நின்றாராம்.

அன்று நிஜமாகவே வானம் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவிழ்க்கச் சொன்ன போலீஸ்காரரே குனிந்து கம்பளியைச் சுற்றி, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொடுத்துச் சொன்னாராம்: "சீக்கிரம் கொண்டுபோங்க சார். உள்ள பெய்யறது பத்தாதுன்னு வெளிய பெய்யறதும் மேல பட்டுறப் போவுது."

கோடு இல்லாத மழை

கட்டில்களுக்கு எதிர்ச் சுவரில் படத்தை மாட்டினோம். அஞ்செட்டிக் காடு என்றார் மாஸ்டர். முன்னால் செம்மண் வண்டித்தடம். அதில் தேங்கிய தண்ணீரில் துளி விழுந்து விரிகிற வளையங்கள். இரண்டு பக்கமும் மூங்கில் புதர், நனைந்து கறுத்த மருத மரங்கள். நான் தெற்கே செம்மணல் தேரிக்காட்டுக்காரி. மழையைவிட மழையைப் பற்றிய பேச்சைத்தான் அதிகம் கேட்டு வளர்ந்தவள். மழை என்றால் காலண்டர் படங்களில் சாய்வாகக் கோடு இழுத்திருப்பார்கள். இதில் கோடே கிடையாது. கறுத்த அடிமரங்களுக்கு முன்னால் மட்டும் லேசாக ஒரு வெண்மை. ஆனால் ஒவ்வொரு இலையும் அடி வாங்கித் தலை குனிந்திருக்கும். கிட்டே போனால் வெறும் சாயத் திட்டு. நாலடி தள்ளி நின்றால் மண்வாசனை வருகிற மாதிரி இருக்கும்.

படம் என்றால் எக்ஸ்ரே மட்டும்தான் என்று நினைக்கிறவர் எங்கள் டாக்டர். அவரே ரவுண்ட்ஸை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "சிஸ்டர், அந்த ஜன்னலைச் சாத்துங்க. நோயாளிகளுக்குக் குளிரப் போவுது."

களத்தில் ராகி

குருபரப்பள்ளிப் பக்கத்து விவசாயி முனியப்பா. கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் ஒரு தடித்த கண்ணாடியை அவர் கண்முன் பிடித்து, "என்ன தெரியுது?" என்று கேட்டார். நேர் எதிரே படம். முனியப்பா கட்டிலைவிட்டு ஒரே துள்ளாகத் துள்ளி இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நானும் ஆயாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தோம். அது படம்தான் என்று சுவரைத் தட்டிக் காட்டினேன். அவர் என் விரல் நுனியை வாங்கி, ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அப்புறமும் மனசு கேட்கவில்லை. "படமாவே இருக்கட்டும்மா. எதுக்கும் களத்துல காயுற ராகியை அள்ளச் சொல்லி ஊருக்கு ஒரு ஆளை அனுப்புங்க."

ஸ்டூல்மேல் நான்

நோயாளி துள்ளினான் என்றதும் மேட்ரனுக்கு வந்ததே கோபம். "முதல்ல அதைக் கழட்டு" என்று உத்தரவு போட்டுவிட்டு, கழற்றுகிறேனா என்று பார்க்க வாசலிலேயே நின்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.

அப்போது வார்டில் சின்னப்பன் என்று கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர், கண் கட்டோடு படுத்திருந்தார். ஆபரேஷன் ஆன அன்றே கட்டைப் பிய்க்கப் பார்த்தவர். எந்த அதட்டலுக்கும் அடங்காதவர். பக்கத்துக் கட்டிலில் தளியிலிருந்து வந்த திம்மராயப்பா, கட்டு அவிழ்ந்தவர். அவருக்குத் தெரிந்த அரைத் தமிழும் மீதிக் கன்னடமுமாக, எதிர்ச் சுவரில் இருப்பதை மரம் மரமாக, புதர் புதராகச் சின்னப்பனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கிற நேரமெல்லாம் சின்னப்பனின் தலை இம்மி அசையாது.

ஸ்டூல் சத்தம் கேட்டு, "என்னம்மா பண்றீங்க?" என்றார் சின்னப்பன். சொன்னேன். எழுந்து ரகளை பண்ணப்போகிறார் என்று பயந்தேன். உதடு மட்டும்தான் அசைந்தது. "நான் இன்னும் பாக்கலியேம்மா" என்றார். "திம்மராயப்பா, அவங்க கழட்டுறதுக்குள்ள அந்த மூங்கிலுக்கு அப்பால என்னான்னு சொல்லுய்யா."

திம்மராயப்பா அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தார். மேட்ரன் கட்டில் அருகே வந்து, மணல் பை நகராமல் இருப்பதைக் குனிந்து பார்த்தார். மூங்கில் முடிந்து மருத மரம் வரும்வரைக்கும் நின்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து அதே கோபத்தோடு சொன்னார்: "என்ன வேடிக்கை பாக்கிற? ஆணி ஆடுது பாரு, இன்னொண்ணு சேத்து அடி!"

சொல்லாமல் விட்டது

சின்னப்பனுக்குக் கட்டு அவிழ்க்கிற நாள் வந்தது. ஆபரேஷன் ஆன அன்று அவர் பிய்த்த பிய்ப்பில் தையல் என்ன ஆனதோ என்று டாக்டருக்கே கவலை. கண்ணாடியைப் பிடித்தார். சின்னப்பன் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். "என்ன தெரியுது?" டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் அவர் பார்வை சுவரைவிட்டு நகரவில்லை.

சின்னப்பன் மெதுவாகப் பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினார். "யோவ், என்னய்யா சொன்ன நீ? மழையைச் சொன்ன, மரத்தைச் சொன்ன. அதோ மரத்துக்குப் பின்னால, பெய்யற மழையிலயே மஞ்சளா வெயில் இறங்குதே, அதை ஏன்யா சொல்லல?" கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அழக் கூடாது, தையலுக்கு ஆகாது என்று நான் ஓடினேன்.

திம்மராயப்பா ஒரு வாரமாய்ச் சேர்த்துவைத்திருந்த மாதிரி சிரித்தார். "எல்லாம் நானே சொல்லிட்டா நீ எதுக்கப்பா கண்ணைத் திறக்கிற? நோடு, நல்லாப் பாரு!"

இத்தனைக்கும் அது துணியில் பூசிய சாயம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை; இருந்தும் அங்கே வேலை பார்த்தவரைக்கும், அக்கினி நட்சத்திரத்து மேகமில்லாத ராத்திரியில்கூட நான் குடையில்லாமல் டியூட்டி முடித்து வெளியே வந்ததில்லை.